சாரதியின் திறமைக்கு அளவுகோல் எது?

(லக்கலயில் நடைபெற்ற நமது சங்க ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்திற் படிக்கும் பிள்ளை ஏதேனும் கனமான பொருளைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நானோ மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றிப் பேச நிற்கிறேன். "கோயிற் சங்கத்து மேடையில் இது என்ன பேச்சு?" என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறேன். இப்பேச்சு எங்கே தொடங்கினாலும், நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் மலைப்பாதையில்தான் வந்து முடியும்.

நம் ஊர்த் தேநீர்க் கடை வாங்குகளில் இளைஞர்கள் கூடினால் எழும் வாதம் ஒன்றுண்டு. உலகிற் சிறந்த சாரதி யார்? ஃபோர்முலா 1 பந்தயக்காரர்தான் என்பான் ஒருவன். சேற்றிலும் பனியிலும் ஓட்டும் ராலிச் சாரதியே வல்லவன் என்பான் மற்றொருவன். நுவரெலியா மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் இருவரையும் ஏற்கமாட்டான். வாதம் வளரும், தேநீர் ஆறும், முடிவு மட்டும் பிறவாது. காரணம் என்ன? ஒவ்வொருவனும் வெவ்வேறு முழக்கோலை வைத்துக்கொண்டு அளக்கிறான். ஆகவே முதலிற் கோலைச் சரி பார்ப்போம்.

நளன் கதையை நாம் யாவரும் அறிவோம். நாடிழந்த நளன் வாகுகன் என்னும் பெயரோடு இருதுபன்ன மன்னனிடம் தேர்ச்சாரதியாக இருந்தான். விதர்ப்ப நாட்டுக்கு அவன் தேர் ஓட்டிய வேகத்தில் மன்னனுடைய மேலாடை நழுவி வீழ்ந்தது. "நிறுத்து" என்று மன்னன் சொல்வதற்குள் தேர் நெடுந்தூரம் கடந்துவிட்டது. அதே மன்னன் வழியில் நின்ற தான்றி மரமொன்றைப் பார்த்த மாத்திரத்தில் அதன் காய்களின் தொகையைச் சொன்னான். நளன் எண்ணிப் பார்க்க, அது சரியாக இருந்தது. அவ்வளவு பெரிய சாரதியான நளன்தான் சூதாட்டப் பலகையின் முன் நாட்டைத் தோற்றவன். எண்ணிற் சிறந்த மன்னனுக்கோ தேரோட்டத் தெரியாது. ஒரு வித்தையில் உச்சியை அடைந்தவன் அடுத்த வித்தையில் மாணாக்கனாக நிற்கக்கூடும் என்பதை இக்கதை எவ்வளவு அழகாக உணர்த்துகிறது! இருவரும் "யார் பெரியவன்?" என்று சண்டையிடவில்லை. தத்தம் வித்தையை ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டனர்.

இனிப் பந்தய வகைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். அவற்றைப் பிரித்தறிய நான் ஓர் எளிய கேள்வியைக் கேட்கிறேன்: இந்தப் பந்தயத்தில் சாரதிக்குத் தெரிந்திருப்பது எது, தெரியாதிருப்பது எது?

முதலாவது சுற்றுத்தடப் பந்தயம். இங்கிலாந்தில் சில்வர்ஸ்டன் என்றொரு தடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம் ஒன்றே பின்னர் பந்தயத் தடமாயிற்று. 1950ஆம் ஆண்டு உலகச் சம்பியன் தொடரின் முதற் பந்தயம் அங்கேதான் நடந்தது. சென்னைக்கு அண்மையிலுள்ள சோழவரமும், நம் நாட்டுக் கட்டுக்குருந்தையும் இவ்வாறே விமானத்தளங்களாக இருந்து பந்தயம் கண்ட இடங்கள். சில்வர்ஸ்டன் தடத்தின் ஒரு சுற்று 5.891 கிலோமீற்றர், ஃபோர்முலா 1 பந்தயத்தில் அதனை 52 முறை சுற்ற வேண்டும். ஒரே வளைவைச் சாரதி 52 தடவை காண்கிறான். அவனுக்குத் தெரியாத கல் அங்கே ஒன்றுமில்லை. ஆகையால் அவனிடம் எதிர்பார்க்கப்படுவது நுட்பம். வினாடியில் ஆயிரத்திலொரு பங்கு கூட அங்கே கணக்கில் வரும்.

இதிலுள்ள சூட்சுமத்தை ஒரு வீட்டு உவமையால் விளக்குகிறேன். டயர் தரையைப் பற்றிக்கொள்ளும் பிடி, மாத முடிவிற் கையில் வரும் சம்பளப் பணத்தைப் போன்றது. அதற்கு ஓர் எல்லை உண்டு. பிரேக் போடுவதற்கு முழுவதையும் செலவிட்டுவிட்டால் வளைந்து திரும்புவதற்கு மிச்சமிராது. இரண்டுக்கும் பங்கிட்டு, கடைசிச் சதம் வரை செலவு செய்து, கடன்படாமல் வளைவைக் கடப்பவனே சுற்றுத்தடத்தில் வல்லவன். அந்தச் சம்பளமோ ஒவ்வொரு சுற்றிலும் மாறும். பெற்றோல் எரிய எரியக் கார் பாரம் குறையும், டயர் தேயும், மழை தூறினால் கணக்கெல்லாம் புதிதாகும்.

இரண்டாவது ராலி. இங்கே கார்கள் ஒன்றாகப் பாய்வதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிட இடைவெளியில் விடப்படும். காட்டுவழி, மலைவழி, பனிவழி என்று தெரு மாறிக்கொண்டே போகும். பந்தயத்துக்கு முன் அவ்வழியைச் சாதாரண வேகத்தில் இருமுறை ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். பின்னர் பக்கத்திலிருக்கும் துணைச்சாரதி அக்குறிப்பை வாசிக்க வாசிக்க, கண்ணுக்கு இன்னும் புலப்படாத வளைவை நம்பிக் காரைத் திருப்ப வேண்டும். முன்னே சென்ற கார் தெருவில் இழுத்துப்போட்ட கல் அக்குறிப்பில் இராது. ஆகவே ராலிச் சாரதி காதால் ஓட்டுகிறான் என்றே சொல்லலாம். பிறர் சொல்லை நம்புவதும், நம்பியது பொய்த்தால் அந்தக் கணமே சமாளிப்பதும் அவன் திறமை.

மூன்றாவது மலையேற்றப் பந்தயம். இதற்கு நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டு தொடங்கியது. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையிலோ ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் 156 வளைவுகள். முடிவிடம் 4,300 மீற்றர் உயரத்திற்கு மேல். இவ்வகைப் பந்தயத்தில் வழி தெரியும். ஆயினும் பிழையைத் திருத்த அடுத்த சுற்று வராது. டயர் சூடேறுமுன்னே பாய வேண்டும். பரீட்சை மண்டபத்தில் ஒரே ஒரு வினா, ஒரே ஒரு தடவை என்றால் மாணவர் மனம் எப்படி இருக்குமோ அப்படி.

நான்காவது, அமெரிக்கரின் நீள்வட்டத் தடம். தடம் மிக எளிது, எப்போதும் ஒரே பக்கம் திரும்பினாற் போதும் என்று ஏளனம் செய்வோர் உண்டு. அங்கே தெரியாதிருப்பது பக்கத்துக் கார். 30க்கு மேற்பட்ட வண்டிகள் நெருக்கியடித்து ஓடும்போது முன்னால் உள்ளவன் கிழிக்கும் காற்றிலே ஒட்டிக்கொண்டு போகவும், அதிலிருந்து விலகும் வேளையை அறியவும் வேண்டும். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் யாரையும் மிதியாமல் முன்னேறத் தெரிந்தவனுக்கு இதன் அருமை விளங்கும்.

ஐந்தாவது நெடுநேரப் பந்தயம். பிரான்சின் லெ மான் நகரில் 24 மணி நேரம் இரவும் பகலும் ஓட வேண்டும். ஒரு காரை மூன்று சாரதிகள் மாறி மாறி ஓட்டுவர். தன் பங்கை விரைவாக ஓட்டுவதோடு, காரைப் பழுதின்றி அடுத்தவன் கையில் ஒப்படைப்பதும் அங்கே திறமையாகும்.

இஃதிவ்வாறிருக்க, ஒரு வகையிலிருந்து மறுவகைக்குத் தாவியவர்களைப் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். பின்லாந்து நாட்டுக் கிமி ரைக்கோனன் 2007இல் ஃபோர்முலா 1 உலகச் சம்பியன். அவர் 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் உலக ராலிக்குச் சென்றார். அங்கே அவர் பெற்ற மிக உயர்ந்த இடம் ஐந்தாவது. 2012இல் திரும்பி வந்து அதே ஆண்டில் அபுதாபிப் பந்தயத்தை வென்றார். அவர் திறமை இடையில் எங்கும் போய்விடவில்லை, தளம்தான் மாறியது. கொலம்பிய நாட்டு மொன்டோயா இந்தியானாபொலிஸ் நீள்வட்டத்தில் 500 மைல் பந்தயத்தை 2000, 2015 ஆகிய இரு தடவை வென்றவர். அவரே கனத்த நாஸ்கார் வண்டியில் ஏறியபோது அத்தொடரின் முதல்தரப் பந்தயங்களில் இரு வெற்றிகளே கிடைத்தன; இரண்டும் வளைந்து நெளிந்த தடங்களிற் பெற்றவை. நீள்வட்டம் தெரிந்தவர்தான், வண்டி மாறியதும் நீள்வட்டமும் வேறு பாடமாயிற்று.

இதற்கு மாறான சான்றுகளும் இல்லாமலில்லை. ஜோன் சர்டீஸ் மோட்டார் சைக்கிளில் உலகச் சம்பியனாகி, பின்னர் 1964இல் காரிலும் உலகச் சம்பியனானார். இரண்டையும் சாதித்தவர் இன்றுவரை அவர் ஒருவரே. மாரியோ அண்ட்ரெட்டி 1967இல் டேடோனா 500, 1969இல் இந்தியானாபொலிஸ் 500, 1978இல் ஃபோர்முலா 1 உலகப் பட்டம் மூன்றையும் பெற்றார். 2004 முதல் 2012 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலக ராலிச் சம்பியனாக விளங்கிய செபஸ்தியன் லோப், 2006இல் லெ மானில் இரண்டாம் இடத்தையும், 2013இல் பைக்ஸ் பீக் மலையில் அன்றைய சாதனை நேரமான 8 நிமிடம் 13.878 வினாடியையும் ஈட்டினார். ஆகவே எல்லாத் தளத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

நம் தமிழர் ஒருவரின் வரலாறும் இங்கே நமக்கு வழிகாட்டும். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனைத்தான் சொல்கிறேன். அவர் தந்தையார் ராலிச் சாரதி. மகனோ 1992இல் பிரான்சின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் பயின்று, 1994இல் பிரித்தானிய ஃபோர்முலா ஃபோர்ட் குளிர்காலத் தொடரை வென்று, 2005இல் ஜோர்டன் அணியின் காரில் ஃபோர்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில் அவருக்கு நான்காம் இடம் கிடைத்தது. டயர்ப் பிரச்சினையால் மற்றவர்கள் விலகிக்கொள்ள, அன்று ஓடியவை ஆறே கார்கள். அதைக்கொண்டு அவரை உலகில் நான்காம் சாரதி என்போமா? 2012இல் எச்.ஆர்.டி. என்னும் வலுவற்ற காரில் அவர் பின்வரிசையில் ஓடினார். அதைக்கொண்டு கடைசிச் சாரதி என்போமா? இரண்டும் தவறு. 2010இல் அமெரிக்கா சென்று நாஸ்கார் லொறித் தொடரில் மார்ட்டின்ஸ்வில் நீள்வட்டத்தில் முதன்முறை ஓட்டினார். அங்கே அவர் வெற்றி பெறவில்லை; இருந்தும் அவ்வாண்டு அத்தொடரில் இரசிகர்களின் அன்பை மிகுதியாகப் பெற்ற சாரதி என்ற விருது அவருக்கே கிடைத்தது. 2014 முதல் 2018 வரை ஜப்பானின் சூப்பர் ஃபோர்முலா. பின்னர் 2019 நவம்பரில், 42ஆம் வயதில், கூரையுள்ள கனத்த காரில் ஃபூஜி தடத்தில் ஜப்பானிய, ஜெர்மானியத் தொடர்களின் சாரதிகள் ஒன்றாக ஓடிய பந்தயத்தை வென்றார். ஒவ்வொரு முறையும் அவர் புது மாணாக்கனாக வாங்கில் உட்கார்ந்து கற்றார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

எல்லாரையும் ஒரே காரில் ஏற்றி ஓட்டிப் பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அந்த முயற்சியும் நடந்திருக்கிறது. 1986இல் ராலி விபத்தில் இறந்த ஹென்றி டொய்வோனன் நினைவாக, 1988இல் சம்பியன்களின் பந்தயம் என்ற ஒன்று தொடங்கப்பட்டது. பல துறைச் சாரதிகளும் ஒரேவகைக் கார்களில் இருவர் இருவராக மோதுவர். 2012இல் பாங்கொக் நகர விளையாட்டரங்கில் நடந்தபோது ஆசிய நாடுகளுக்கான போட்டியில் கார்த்திகேயனும் சென்னைக் கருண் சந்தோக்கும் இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்தனர். பெருமைக்குரிய செய்திதான். எனினும் அந்தப் பந்தயமும் ஒரு தனிவகைப் பந்தயமே. விளையாட்டரங்கில் சில நிமிடம் ஓடிக்காட்டுபவனின் திறமை அங்கே தெரியும்; லெ மானில் நள்ளிரவு மூன்று மணிக்குத் தேவைப்படும் நிதானம் அங்கே தெரியவராது. என் மிஷன் பாடசாலையின் ஆண்டு விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றர் ஓடியவனையும் ஈட்டி எறிந்தவனையும் ஒப்பிட யாரும் மூன்றாவதாகக் கயிறிழுப்பு வைத்ததில்லை.

அவ்விழாவைத் தொடங்கியோருள் ஒருவரான மிஷேல் மூட்டோன் ஒரு பெண்மணி. 1981இல் இத்தாலியின் சன்ரேமோ ராலியை வென்றார். 1982இல் மூன்று ராலிகளை வென்று உலகத் தொடரில் இரண்டாம் இடம் பெற்றார். மோட்டார் ஓட்டுவது தோள்வலியின் காரியம் என்று இன்னும் நம்புவோர் இவ்வவையில் இருந்தால், அவர்களுக்கு இதனைச் சமர்ப்பிக்கிறேன்.

அப்படியானால் எல்லாத் தளத்துக்கும் பொதுவான அந்த ஒன்று எது? என் முடிவை அடக்கத்துடன் சொல்கிறேன். தனக்குத் தெரியாதது எவ்வளவு என்பதைச் சரியாக மதித்து, அந்த அளவுக்கு இடம்விட்டு ஓட்டுவதே அது. சுற்றுத்தடச் சாரதிக்குத் தெரியாதது குறைவு. ஆகவே எல்லையின் விளிம்புவரை போகிறான். ராலிச் சாரதிக்குத் தெரியாதது அதிகம். ஆகவே சிறு இடைவெளி விடுகிறான். சுற்றுத்தட வீரன் ராலியில் தடுமாறுவது எவ்வளவு இடைவெளி விடுவது என்று பழகாததால்தான். திருவள்ளுவர் இடனறிதலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து, தேருக்கு உரிய இடம் வேறு, கப்பலுக்கு உரிய இடம் வேறு என்று காட்டியதன் பொருளும் இதுவன்றோ?

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு இப்போது நம் பாதைக்கு வருவோம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை கடந்து, ரிவர்ஸ்டன் ஏறி, இலுக்கும்புர வழியாகப் பல்லேகமவுக்கு இறங்கும் பாதையை எண்ணிப் பாருங்கள். மலையேற்றப் பந்தயத்தின் வளைவுகள் அதில் உள்ளன. ராலியின் கல்லும் சேறும் உள்ளன. துணைச்சாரதியின் குறிப்புத்தான் இல்லை. எதிரே வரும் வண்டி உண்டு; நீள்வட்டத்திற்கூட வண்டிகள் எதிரே வருவதில்லை. மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வளைவின் மறுபுறத்தில் மாடு நிற்கிறதா, பாடசாலைப் பிள்ளை நடந்து வருகிறதா, யாருக்குத் தெரியும்? பந்தயங்களில் தனித்தனியே இருக்கும் தெரியாமைகள் அத்தனையும் இங்கே ஒன்றுகூடி நிற்கின்றன. பந்தயச் சாரதிக்காகப் பாதையை மூடுகிறார்கள், கொடி காட்ட ஆள் நிற்கிறது, வைத்தியர் காத்திருக்கிறார். இங்கே இவற்றுள் எது உண்டு?

அத்தனை ஏற்பாடு இருந்தும் பிழை நேர்வதுண்டு. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகிப் பாய்ந்ததில் ஏழு உயிர்கள் பலியாயின. அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. பந்தயம் பார்க்க வந்தவள்! 2025 மே மாதத்தில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டதையும் நாம் மறக்கவில்லை. மலைப்பாதை ஒரு பிழையையும் மன்னிப்பதில்லை.

இந்நிலையில், ரிவர்ஸ்டன் வளைவுகளில் மோட்டார் சைக்கிளைச் சரித்து ஓட்டிக் கைத்தொலைபேசியிற் படம் பிடிக்கும் என் வயது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்து வியக்கும் வீரன் அந்த வளைவை முன்பே ஐம்பது முறை கண்டவன். எதிரே எவரும் வரமாட்டார் என்று உறுதி பெற்றவன். அவனுடைய வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவனுடைய அறிவை விட்டுவிடுவது, நளனுடைய தேரை இரவல் வாங்கிக்கொண்டு அவனுடைய வித்தையை வாங்காமற் போவது போன்றது. வேகம் காட்ட ஆசையிருந்தால் மூடிய தடத்துக்குப் போங்கள். அதற்குப் பணம் வேண்டும் என்பதை நான் அறிவேன். நம் தோட்டத்துப் பிள்ளைகளுள் எத்தனை கார்த்திகேயன்கள் ஒரு பந்தயக் காரையேனும் தொட்டுப் பாராமல் வாழ்ந்து முடித்தார்களோ! அந்த ஏக்கம் நியாயமானது. அதற்குரிய விலையைப் பாதையில் நடந்து வரும் பிள்ளை கொடுக்கலாகாது.

நிறைவாக ஒன்று. விடிகாலை இருளில் முதற் பஸ்ஸை எடுத்து, ஒவ்வொரு குருட்டு வளைவிலும் ஒலியெழுப்பி, ஏறிவரும் லொறிக்கு ஒதுங்கி வழிவிட்டு, ஐம்பது பேரை வீட்டுக்கு வீடு சேர்க்கும் நம் சாரதி அண்ணன்மாரை நினையுங்கள். அவர்களுள் நிதானமாக ஓட்டுபவரைப் பார்த்து "மாட்டு வண்டியா ஓட்டுகிறீர்?" என்று பின்னிருக்கையிலிருந்து கேலி செய்பவர்களும் நாமே. நான் சொன்ன அளவுகோலால் அளந்தால், அவர் எந்த உலகச் சம்பியனுக்கும் எதிரே தலைநிமிர்ந்து நிற்கக் கூடியவர். தெரியாததை மதித்து இடம்விடும் வித்தையை அவர் ஆண்டுக்கு முந்நூறு நாளும் செய்துகாட்டுகிறார். அவருக்குக் கிண்ணம் இல்லை, மாலை இல்லை.

ஆகையால் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டு விழாவிலும், இந்த மலைப்பாதையில் நெடுங்காலம் விபத்தின்றி ஓட்டிய சாரதி ஒருவரை, இன மத பேதம் பாராமல், இம்மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவோம். அவர் கைப்பிடித்து வாழ்த்தும் இளைஞன் அடுத்த நாள் ரிவர்ஸ்டன் வளைவில் கையைச் சற்றுத் தளர்த்துவான் என்று நம்புகிறேன். தேநீர்க் கடை வாதத்துக்கும் அதுவே நல்ல விடையாக அமையும்.